தொட்டதும் மாறும் உயிர்

உயர்தர உயிரியல் பாடத்தில் பற்றீரியாவின் படம் ஒன்று வரும். நீள்வட்டமாக ஒரு கலம், பின்னால் வால்போலச் சுழலும் சவுக்குமுளை, சுற்றிவர ஒன்றுமே இல்லாத வெள்ளைத் தாள். பல வருடமாக நானும் அதே படத்தைத்தான் கரும்பலகையில் வரைகிறேன். கலத்தின் உள்ளே குறிக்கும் பாகங்கள் எல்லாம் சரி. அந்த வெள்ளைத் தாள்தான் என்னை உறுத்துகிறது. எதையும் தொடாமல், தனியாக, நீரில் நீந்தித் திரியும் உயிர் என்ற எண்ணத்தை அது பிள்ளைகளின் மனதில் பதித்துவிடுகிறது. பூமியில் உள்ள பற்றீரியாக்களில் ஏறத்தாழ 40 முதல் 80 வீதம் வரை ஏதோ ஒரு பரப்பில் ஒட்டி, கூட்டமாக, தாமே சுரந்த ஒரு பசைக்குள் வாழ்கின்றன என்பது இப்போதைய கணிப்பு. நடுக்கடல் போன்ற சில இடங்களில் மிதப்பவை அதிகம், உண்மைதான். ஆனால் நாம் புழங்கும் இடங்களில், நம்மைத் தொல்லைப்படுத்தும் இடங்களில், ஒட்டி வாழ்வதுதான் அவற்றின் வழமை.

அந்தக் கூட்டத்துக்கு உயிர்ப்படலம் என்று பெயர். அதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தாங்கியின் உட்சுவரை விரலால் தடவினால் ஒரு வழுவழுப்பு வரும். காலையில் பல் துலக்கு முன் நாக்கால் தடவினாலும் அதே வழுவழுப்பு. திருகோணமலை டச் பே கரையில் அலை வந்துபோகும் கற்களில் கால் வைத்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். பாசி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வெயில் படும் இடத்தில் பச்சையாகத் தெரிவது பாசிதான். ஆனால் பாசிக்கு முன்னரே அந்தக் கல்லில் வந்து உட்கார்ந்தவை பற்றீரியாக்கள்.

எங்கள் வீட்டுக் கிணறு இறைத்துத் துப்புரவாக்க வருகிற அண்ணை ஒருவர் இருக்கிறார். மாரி மழைக்கு முன்பு, தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கும் காலத்தில் வருவார். மோட்டர் போட்டு இறைத்து முடிந்ததும் கயிற்றில் இறங்கி, வளையத்துக்கு வளையம் தும்புக் கட்டையால் உரஞ்சுவார். ஒருமுறை நான் மேலே நின்று, குளோரின் தூள் போட்டால் போதாதா, ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று கேட்டேன்.

"டீச்சர், சுவரில வழுக்கல் இருக்கிற வரைக்கும் மருந்து போட்டுப் பிரயோசனம் இல்லை. ரெண்டு நாள் மணக்கும், பிறகு பழையபடிதான். முதல்ல உரஞ்ச வேணும்" என்றார் அடியில் இருந்தபடி.

அவர் சொன்னதற்கு நுண்ணுயிரியலில் நல்ல காரணம் இருக்கிறது. குளோரின் தாக்குதிறன் மிக்க பொருள். எதிரில் வரும் எந்தச் சேதனப் பொருளோடும் தாக்கம் புரிந்து தானும் தீர்ந்துபோகும். உயிர்ப்படலத்தின் மேற்படையில் உள்ள பசையோடும் கலங்களோடும் மோதியே அதன் பெரும்பங்கு செலவாகிவிடுகிறது. அடியில் இருக்கும் கலங்களைச் சென்றடைவது சொற்பம். நீரில் மிதக்கும் பற்றீரியாவைக் கொல்ல அந்த அளவு தாராளமாகப் போதும். சுவரில் இருப்பதற்குப் போதாது. தப்பியவை மீண்டும் பெருகி நீருக்குள் இறங்கும்.

இதை முதலில் கவனித்தவர் ஹொலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லீவன்ஹூக். 1683இல் தன் பற்களின் இடையிலிருந்து சுரண்டிய வெள்ளை அழுக்கைத் தானே செய்த வில்லையால் பார்த்து, அதில் அசைந்து திரியும் உயிர்களைப் பற்றி லண்டனின் ரோயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு எழுதினார். பலருக்கும் தெரிந்த கதை இது. அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. கடும் வினாகிரியால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி சுரண்டிப் பார்த்திருக்கிறார். பல்லிடுக்கு அழுக்கில் அவை இன்னும் உயிரோடு இருந்தன. அதே உயிர்களை வெளியே எடுத்து வினாகிரியில் கலந்தபோதோ உடனே செத்தன. அப்படியென்றால் வினாகிரி அழுக்கின் மேற்பரப்பில் இருப்பவற்றை மட்டும் கொல்கிறது, உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். கிணற்றடி அண்ணைக்கும் அவருக்கும் இடையில் 300 வருடத்துக்கு மேல். கண்டது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அறிவியல் வேறு திசையில் போய்விட்டது. நோய்க்கிருமியைத் தனியாகப் பிரித்து, குடுவையில் குழம்பு ஊற்றி வளர்க்கும் முறை வந்தது. தனியாகப் பிரித்து வளர்த்ததால்தான் கொலரா, காசநோய், தொண்டைக்கரப்பான் எல்லாவற்றின் காரணமும் பிடிபட்டது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் குடுவைக்குள் மிதக்கும் கலத்தையே உண்மையான பற்றீரியா என்று நினைக்கும் பழக்கமும் அதோடு சேர்ந்து வந்தது.

1933இல் மினசோட்டாவில் ஆதர் ஹென்ரிசி என்பவர் மிக எளிய காரியம் செய்தார். நுணுக்குக்காட்டிக்குப் பயன்படும் கண்ணாடி வழுக்கிகளை ஏரி நீரில் தொங்கவிட்டு, சில நாளில் எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தார். கண்ணாடி நிறையப் பற்றீரியா. நீர்வாழ் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை மிதந்து திரிபவை அல்ல, மூழ்கிக் கிடக்கும் பரப்புகளில் வளர்பவை என்று எழுதினார். பத்து வருடம் கழித்து, 1943இல், கலிஃபோர்னியாவின் கடலோர ஆய்வுநிலையம் ஒன்றில் கிளோட் சோபெல் இதையே கடல்நீரில் விளக்கினார். போத்தலில் அடைத்த கடல்நீரில் பற்றீரியாக்கள் விரைவாகப் பெருகின. போத்தல் சிறிதாக இருந்தால் இன்னும் விரைவு, ஏனென்றால் சிறிய போத்தலில் நீரின் அளவோடு ஒப்பிடும்போது கண்ணாடிப் பரப்பு அதிகம். கடலில் உணவு மிக ஐதாகக் கரைந்திருக்கிறது. எந்தத் திண்மப் பரப்பும் அந்த உணவு மூலக்கூறுகளைத் தன்மேல் சேர்த்துக்கொள்ளும். நீந்தித் தேடுவதைவிட, உணவு வந்து சேரும் இடத்தில் போய் இருப்பது ஆதாயம்.

சரி, ஒரு பற்றீரியா தான் ஒரு பரப்பைத் தொட்டுவிட்டது என்பதை எப்படி அறிகிறது? கண் இல்லை, நரம்பு இல்லை, உடல் முழுவதுமே ஒன்றிரண்டு மைக்ரோமீற்றர். இந்தக் கேள்விதான் என்னைப் பல இரவுகள் வாசிக்க வைத்தது.

முதலில் அதன் உலகத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த அளவில் உள்ள ஓர் உயிருக்கு நீர், நமக்குத் தேன் எப்படியோ அப்படி. சவுக்குமுளை சுற்றுவதை நிறுத்தினால் உடலும் அக்கணமே நின்றுவிடும். ஓர் அணுவின் விட்டமளவு தூரம்கூடச் சறுக்கிப் போகாது. பரப்பை நெருங்கும்போது இன்னொரு தடையும் இருக்கிறது. பற்றீரியாவின் மேற்றோலும், நீரில் மூழ்கிய பெரும்பாலான பரப்புகளும் மறை மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளும். நன்னீரில் இந்தத் தள்ளல் சற்றுத் தூரத்துக்கு எட்டும். கடல்நீரின் உப்பு அதை மழுங்கடித்துவிடுவதால் அங்கே நெருங்குவது இலகு. நம் குடாவில் எதைப் போட்டாலும் இவ்வளவு சீக்கிரம் வழுவழுக்கத் தொடங்குவதற்கு வெப்பமும் உணவும் மட்டும் காரணமில்லை. உப்புக்கும் பங்குண்டு.

தொட்ட பின் நடப்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் விப்ரியோ பராஹீமோலிட்டிக்கஸ். சூடான கரையோரக் கடல்நீரில், நண்டு, இறால், சிப்பி ஆகியவற்றின் மேல் வாழும் பற்றீரியா இது. 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாகக் காய்ந்த சாளைக் குஞ்சுகளைச் சாப்பிட்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்த சம்பவத்தில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். மீன் விற்கும் எந்தக் கரையோர ஊரும் தெரிந்திருக்க வேண்டிய கிருமி.

நீரில் நீந்தும்போது இதற்குப் பின்புறத்தில் ஒரே ஒரு சவுக்குமுளை. சோடியம் அயன்கள் உள்ளே பாயும் விசையால் அது சுழல்கிறது. கடலில் சோடியத்துக்குப் பஞ்சமில்லை அல்லவா. ஆனால் இந்தச் சவுக்குமுளைக்கு நீந்துவதைத் தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது. கலம் ஒரு பரப்பில் முட்டியதும் சுழற்சி தடைப்படுகிறது. பரப்பே இல்லாமல் நீரைத் தடிப்பாக்கினாலும், சவுக்குமுளையைப் பிறபொருளெதிரியால் பிடித்து நிறுத்தினாலும் அதே விளைவுதான். 1980களில் இதைப் பரிசோதித்து நிரூபித்தார்கள். சுழற்சி தடைப்பட்டால், தான் ஒரு பரப்பில் இருப்பதாகக் கலம் எடுத்துக்கொள்கிறது. சுற்றுப்புறத்தில் இரும்புத் தட்டுப்பாடும் சேர்ந்தால் அந்த முடிவு உறுதியாகிறது. உடனே ஒரு கூட்டம் மரபணுக்கள் விழிக்கின்றன. கலம் பிரியாமலே நீள்கிறது. உடலைச் சுற்றிப் பக்கவாட்டில் புதிய சவுக்குமுளைகள் முளைக்கின்றன. அவை சோடியத்தால் அல்ல, புரோத்தன்களால் இயங்குபவை. நீந்தப் பிறந்த கலம் இப்போது பரப்பின்மேல் ஊர்ந்து பரவும் கலமாகிவிட்டது. பாடசாலை நுணுக்குக்காட்டியில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், ஒரே இனம் என்று மாணவர்கள் நம்பமாட்டார்கள்.

எல்லா இனமும் சவுக்குமுளையால் உணர்வதில்லை. பைலி என்னும் மிக மெல்லிய இழைகளை வெளியே நீட்டி, நுனி ஒட்டிக்கொண்டதும் உள்ளே இழுப்பவை பல. ஒட்டாத இழை தடையின்றி உள்ளே வந்துவிடும். ஒட்டிய இழை வராது. அந்த இழுவிசைதான் செய்தி. கோலோபக்டர் என்னும் நன்னீர்ப் பற்றீரியாவில் இழை உள்ளே வராமல் மாட்டிக்கொண்ட சில விநாடிகளிலேயே கலம் தன் நுனியில் ஒரு பசையைச் சுரந்துவிடுகிறது. அந்தப் பசையின் வலிமையை 2006இல் அளந்தார்கள். ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 70 நியூட்டன், அதாவது நகத்தின் ஒரு சின்ன மூலையளவு இடத்தில் 7 கிலோவைத் தொங்கவிடும் பலம். இயற்கையில் அறியப்பட்ட மிக வலிமையான பசைகளில் அது ஒன்று, அதுவும் தண்ணீருக்குள்ளேயே பிடிக்கும் பசை.

தொடுகை பற்றிய செய்தி கலத்துக்குள் எப்படிப் பரவுகிறது என்பது வேறொரு மூலையிலிருந்து தெரியவந்தது. தென்னங்கள்ளில் செய்த வினாகிரியைப் போத்தலில் திறந்து வைத்தால், மேலே தோல் மாதிரி ஒரு வெள்ளை ஆடை மிதக்கும். பழுதாகிவிட்டது என்று எடுத்து எறிவோம். அது வினாகிரிப் பற்றீரியாக்கள் நெய்த செலுலோசு. தாவரங்களில் இருக்கும் அதே செலுலோசு, இன்னும் தூய வடிவில். இந்தப் பற்றீரியா செலுலோசு நெய்வதை எது தூண்டுகிறது என்று தேடிய ஜெருசலேம் ஆய்வாளர் மோஷே பென்சிமானின் குழு, 1987இல் வளையம் போன்ற ஒரு சிறு மூலக்கூறைக் கண்டது. சைக்கிளிக் டை ஜிஎம்பி என்று பெயர். வெகுகாலம் அது வினாகிரிப் பற்றீரியாவுக்கே உரிய விசேடம் என்றுதான் இருந்தது. பிறகு பார்த்தால் மிகப் பெரும்பாலான பற்றீரியா வகைகளில் அது இருக்கிறது. அதன் அளவு கூடினால் கலம் இருந்துவிடும்: சவுக்குமுளை அடங்கும், பசை சுரக்கும். குறைந்தால் கிளம்பிவிடும். ஒரே மூலக்கூறின் ஏற்ற இறக்கத்தில் ஓர் உயிரின் இரண்டு வாழ்க்கைகளும் தங்கியிருக்கின்றன. வினாகிரிப் போத்தலில் மிதக்கும் ஆடையை நான் இப்போதெல்லாம் வகுப்புக்கு எடுத்துப்போகிறேன். விரலால் இழுத்துப் பார்க்கும் பிள்ளைகள் அது கிழியாமல் நிற்பதைக் கண்டு வாய் பிளக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூடோமோனாஸ் என்ற பற்றீரியா ஒரு பரப்பைத் தொட்டுவிட்டுத் திரும்ப நீருக்குள் போனாலும், தொட்ட அடையாளம் உடனே அழிவதில்லை. அதன் பிள்ளைக் கலங்களும் பேரக் கலங்களும், ஒருபோதும் தொடாத கலங்களைவிட எளிதாகப் பரப்பில் தங்கிவிடுகின்றன. மூளையில்லாத உயிரில் தலைமுறை தாண்டும் நினைவு. இதை முதன்முதல் வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா இருந்தேன்.

தங்கிவிட்ட பின் கட்டுமானம் தொடங்குகிறது. காய்ந்த நிலையில் நிறுத்துப் பார்த்தால், பெரும்பாலான உயிர்ப்படலங்களில் கலங்களின் பங்கு 10 வீதத்துக்கும் குறைவு. மிகுதி எல்லாம் அவை சுரந்த பல்சக்கரைட்டுகள் என்னும் நீண்ட சீனிச் சங்கிலிகள், புரதங்கள், கூடவே வெளியே சிந்திய டிஎன்ஏ. ஆம், பாரம்பரியப் பொருளையே கட்டடப் பொருளாகவும் பயன்படுத்துகின்றன. இடையில் நீர் ஓடும் கால்வாய்கள் இருக்கும். மேலே உள்ள கலங்கள் ஒட்சிசனைத் தீர்த்துவிடுவதால், சில பத்து மைக்ரோமீற்றர் கீழே ஒட்சிசன் இல்லாமல் வாழத் தெரிந்தவை குடியிருக்கும். அடியில் உள்ளவை பல ஏறக்குறைய உறக்கத்தில் இருக்கும். ஒன்றுக்கொன்று இரசாயனச் சைகை விட்டு, சுற்றி எத்தனை பேர் என்று கணக்கெடுக்கும் ஏற்பாடும் உண்டு. ஒளிவிடும் கடல் பற்றீரியாக்கள் கூட்டம் சேர்ந்த பின்னரே ஒளிவிடுகின்றன என்பதை 1970இல் கண்டுபிடித்ததில் தொடங்கியது அந்த ஆராய்ச்சி.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். இது நம் ஊர்க் கதை.

கொட்பேயில் கட்டிக் கிடக்கும் பலநாள் படகை மேலே ஏற்றும்போது அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். கூரான ஓடுகள், சுண்ணாம்புக் குழாய்கள், பச்சை இழைகள். சிப்பி பிடித்துவிட்டது என்பார்கள். அந்தக் கூம்பு வடிவ ஓட்டுக்குள் இருப்பது உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. அது வந்து குடியேற வழி செய்தது பற்றீரியா. ஒரு சுத்தமான பலகையை நீரில் இறக்கினால் நிமிடங்களுக்குள் கரைந்திருந்த சேதன மூலக்கூறுகள் படியும். சில மணி நேரத்தில் பற்றீரியாக்கள் வந்துவிடும். பிறகு தயற்றம் போன்ற நுண்பாசிகள். அதன் பிறகே பெரிய விலங்குகளின் குடம்பிகள். ஹவாயின் பேர்ல் ஹார்பரில் ஒரு குழாய்ப்புழுவை வைத்து இதைத் துல்லியமாக ஆராய்ந்திருக்கிறார்கள். உயிர்ப்படலம் இல்லாத சுத்தமான பரப்பில் அதன் குடம்பி இறங்காது, நீந்திக்கொண்டே இருக்கும். சரியான பற்றீரியா இருக்கும் பரப்பைத் தொட்டால் உருமாறி, சுண்ணாம்புக் குழாய் கட்டத் தொடங்கிவிடும்.

கப்பலோட்டிகள் இந்தத் தொல்லையோடு பல நூற்றாண்டு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பிரித்தானியக் கடற்படை 1761இல் அலார்ம் என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு அறைந்து பார்த்தது. மரத்தைத் துளைக்கும் புழுவும் அண்டவில்லை, அழுக்கும் சேரவில்லை. 1780களின் தொடக்கத்தில் கடற்படை முழுவதற்கும் செம்பு போட்டார்கள். அதே காலத்தில்தான், 1782 ஓகஸ்டில், பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரன் திருகோணமலையைப் பிடித்தார். அடுத்த சில நாளில், செப்டெம்பர் 3ஆம் திகதி, துறைமுகத்துக்கு வெளியே ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையோடு மோதினார். சூஃப்ரனின் அணியில் செம்பு போட்ட கப்பல்களும் போடாதவையும் கலந்திருந்தன. அடி அழுக்கேறிய கப்பல்கள் பின்தங்க, அணியை ஒன்றாக வைத்திருப்பது அவருக்குத் தீராத தலையிடி. நம் கடற்கரையில் நடந்த போர்களில் இந்த வழுவழுப்புக்கும் ஒரு பங்கு இருந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் வகுப்பில் சொன்னால் நன்றாயிருக்கும்.

பின்னாளில் வந்த தகரச் சேர்மப் பூச்சு செம்பைவிடக் கடுமையாக வேலை செய்தது. ஆனால் அது சிப்பிகளையும் கடல் நத்தைகளையும் உருக்குலைத்தது. சர்வதேச உடன்படிக்கை ஒன்று 2008இலிருந்து அதைத் தடை செய்திருக்கிறது. பூச்சுத் தேய்ந்த படகில் எரிபொருள் அதிகம் போவதை ஓட்டுபவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓடு பிடிக்கும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, வெறும் வழுவழுப்புப் படலமே நீரின் உராய்வைக் கூட்டிவிடும். டீசல் விலை இருக்கும் இருப்பில் இது சின்ன விடயமில்லை.

ஆனால் படகின் அடியில் தொல்லையாக இருப்பதே நிலாவெளிக் கரைக்கு அப்பால் உள்ள புறாத்தீவில் உயிர்நாடி. முருகைக்கல்லின் குடம்பியும் கண்ட இடத்தில் இறங்குவதில்லை. இளஞ்சிவப்பாகக் கல்லோடு கல்லாகப் படர்ந்திருக்கும் சுண்ணாம்புப் பாசி ஒன்று இருக்கிறது. அதன்மேல் வாழும் சில பற்றீரியாக்கள் சுரக்கும் இரசாயனம், குடம்பியை உருமாறத் தூண்டுகிறது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறையில் உள்ள மான்கொம்பு முருகை இனங்களில் இதைக் காட்டியிருக்கிறார்கள். புறாத்தீவிலும் மான்கொம்பு முருகை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் காலால் மிதித்து உடைப்பது ஏற்கெனவே வளர்ந்த முருகையை மட்டுமல்ல. அடுத்த தலைமுறை இறங்கத் தேடும் பரப்பையும் சேர்த்துத்தான் நாசமாக்குகிறார்கள். அங்கே போகிறவர்கள் தயவுசெய்து மிதந்தபடி பாருங்கள், கல்லில் நிற்காதீர்கள்.

மருத்துவத்தில் இதே விடயம் உயிரோடு விளையாடுகிறது. என் மாமிக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையான பிறகு சிறுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள். காய்ச்சல் வரும், மருந்து கொடுப்போம், போகும், பிறகு திரும்ப வரும். சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில் அந்த மருந்துக்கே கிருமி கட்டுப்படும் என்று தெளிவாக இருந்தது. கிருமி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டதோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். வைத்தியர் மருந்தை மாற்றவில்லை, குழாயை மாற்றினார். பழைய குழாயின் வெட்டுமுகத்தை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உட்சுவரில் மங்கலான ஒரு படை, அதில் மணல் போல் சிறு துணிக்கைகள். புரோட்டியஸ் போன்ற பற்றீரியாக்கள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கும்போது மகனீசியமும் கல்சியமும் பளிங்காகப் படிந்து இப்படித்தான் ஆகும். முற்றிவிட்டால் குழாயே அடைபட்டுப்போகும்.

அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆய்வுகூடத்தில் சோதிப்பது தனிக் கலங்களாக வளர்த்தெடுத்த பற்றீரியாவை. குழாயின் சுவரில் இருப்பது அதே இனத்தின் வேறு வாழ்க்கை. அங்கே அதைக் கொல்லச் சில வேளைகளில் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு செறிவு தேவைப்படும். அந்தச் செறிவை மனித உடல் தாங்காது. பசை மருந்தைத் தாமதப்படுத்துவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அடியில் உள்ளவற்றின் உறக்கம். பெனிசிலின் போன்ற மருந்துகள் வளரும் கலத்தின் சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துக் கொல்பவை. கட்டாத கலத்தில் கெடுக்க என்ன இருக்கிறது? பெனிசிலினுக்குத் தப்பிக் கிடக்கும் இப்படிப்பட்ட சில கலங்களை டப்ளின் பேராசிரியர் ஜோசஃப் பிகர் 1944இலேயே கண்டிருந்தார். அவற்றைத் திரும்ப வளர்த்தால் பிள்ளைகள் மருந்துக்குச் சாகும். மரபணு மாறவில்லை, நிலை மட்டும் மாறியிருக்கிறது.

வீட்டில் குழாயோடு நோயாளியை வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். குழாய் தேவையில்லாத நாளில் அதை எடுத்துவிடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் குழாயைப் பற்றிக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை.

கொலராவைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. கொலராக் கிருமியும் விப்ரியோ குடும்பம்தான். குளத்து நீரிலும் கழிமுக நீரிலும் அது பெருமளவு ஒட்டியிருப்பது கோபிபொட் என்னும் மிகச் சிறிய இறால் வகை உயிர்களின் ஓட்டில். அமெரிக்க ஆய்வாளர் ரீட்டா கொல்வெல்லும் வங்காளதேச ஆய்வாளர்களும் சேர்ந்து மத்லப் பகுதியின் 65 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். குடத்தின் வாயில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாகக் கட்டி நீரை வடிக்கச் சொன்னார்கள். தனிக் கலத்தை எந்தச் சேலையும் தடுக்காது, ஓட்டைகள் மிகப் பெரிது. ஆனால் கிருமி ஒட்டியிருக்கும் கோபிபொட்டைத் தடுக்கும். 2003இல் வெளியான முடிவின்படி வடித்துக் குடித்த கிராமங்களில் கொலரா ஏறத்தாழ பாதியாக, 48 வீதம், குறைந்தது. புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நூல் பஞ்சான பழைய சேலை நன்றாக வேலை செய்தது. அம்மம்மா குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டித்தான் தண்ணீர் வார்ப்பார். தூசி வடிக்க என்றுதான் நினைத்திருந்தோம். கொதிக்க வைப்பதற்கு அது ஈடாகாது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் விறகும் இல்லாத வெள்ள காலத்தில் ஒன்றும் செய்யாததைவிட எவ்வளவோ மேல்.

ஹென்ரிசி செய்ததை எந்தப் பாடசாலையிலும் செய்யலாம். நாங்கள் செய்கிறோம். கண்ணாடி வழுக்கிகளை நைலோன் நூலில் கட்டி, உள்துறைமுகப் பக்கம் தெரிந்தவர்களின் தோணித்துறையில் அவர்களின் அனுமதியோடு நீருக்குள் தொங்கவிடுவோம். ஒரு சோடி ஒரு நாளில், ஒரு சோடி மூன்று நாளில், மற்றது ஒரு வாரத்தில் மேலே வரும். எடுத்ததும் நல்ல நீரில் மெதுவாக அலசி, காற்றில் உலரவிட்டு, கிரிஸ்டல் வயலட் என்னும் ஊதாச் சாயம் இட்டுக் கழுவினால் போதும். ஒரு நாள் வழுக்கியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊதாப் புள்ளிகள். மூன்றாம் நாள் புள்ளிகள் தீவுகளாகியிருக்கும். ஒரு வார வழுக்கியில் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கும், தயற்றங்களும் வந்து சேர்ந்திருக்கும். கடைசி முறை ஒரு மாணவி வழுக்கியின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெயில் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் ஏன் வித்தியாசம் டீச்சர் என்று கேட்டாள். அடுத்த தவணையில் வழுக்கிகளைப் படுக்கைவாட்டில் கட்டி அதைத்தான் பார்க்கப் போகிறோம். கண்ணாடியோடு ஒரு துண்டு செம்புத் தகடும், வளையக் கிணற்றுக் கொங்கிறீட் சில்லு ஒன்றும் சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். மற்றப் பாடசாலை ஆசிரியர்கள் யாராவது கன்னியாப் பக்கமோ கந்தளாய்க் குளத்திலோ இதையே செய்தால் எங்களுக்கு எழுதுங்கள், உப்பு நீரையும் நன்னீரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.